நல்ல கொழுப்பு 31 என்று வந்திருக்கிறது: அதைக் கூட்ட மாத்திரை வாங்கலாமா?

12 ஜூன் 2025 – கேள்வி, திருமங்கலத்திலிருந்து

எனக்கு வயது 46. திருமங்கலத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை நடத்துகிறேன். சென்ற வாரம் வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனை செய்துகொண்டேன். மொத்தக் கொழுப்பு 188, ட்ரைகிளிசரைடு 265, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 31, வி.எல்.டி.எல். 53, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 104. மூன்று மாதச் சர்க்கரை 6.1. கெட்ட கொழுப்பு சரியாகத்தான் இருக்கிறது, நல்ல கொழுப்பு மட்டும் குறைவு என்று சொன்னார்கள். நல்ல கொழுப்பைக் கூட்டிவிட்டால் ரத்தக்குழாயில் இருக்கும் அடைப்பை அதுவே கரைத்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். விலை 2,400 ரூபாய். வாங்கலாமா, ஐயா?

12 ஜூன், இரவு

வாங்க வேண்டாம். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் மருத்துவர் அல்லன். மதுரையில் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடங்களின் உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிகிச்சையை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உங்கள் தாளில் இருக்கும் எண்கள் எப்படி வருகின்றன, அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். 31 என்பது கவலைப்பட வேண்டிய எண்தான். ஆண்களுக்கு 40க்குக் கீழே இருந்தால் குறைவு என்றே கணக்கு. ஆனால் அதற்கு மேல்வரியில் இருக்கும் 265ஐ, அதாவது ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை, விட்டுவிட்டு 31ஐ மட்டும் துரத்துவதில் பயன் இல்லை. ஏன் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

13 ஜூன்

முதலில் அந்த 31 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இப்போது எல்லாம் இயந்திரத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. முன்பு நாங்கள் கையால் செய்தோம். சுழற்சி இயந்திரத்தில் பிரித்தெடுத்த சீரத்தில், அதாவது ரத்தநீரில், பாஸ்ஃபோடங்ஸ்டேட்டும் மக்னீசியமும் கலந்த கரைசலை விட்டால், ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் எல்.டி.எல்., வி.எல்.டி.எல். துகள்கள் வெண்மையாகத் திரிந்து, மறுபடி சுழற்றியதும் குழாயின் அடியில் படிந்துவிடும். மேலே தெளிவாக நிற்கும் நீரில் எச்.டி.எல். துகள்கள் மட்டும் இருக்கும். அந்தத் தெளிநீரில் உள்ள கொலஸ்ட்ராலை அளந்து எழுதுவதுதான் தாளில் வரும் எண். ஆகவே அது எத்தனை துகள்கள் இருக்கின்றன என்ற கணக்கும் அல்ல, அவை என்ன வேலை செய்கின்றன என்ற கணக்கும் அல்ல. ஒரு டெசிலிட்டர் ரத்தநீரில் அந்தத் துகள்கள் சுமந்து நிற்கும் கொலஸ்ட்ரால் எத்தனை மில்லிகிராம் என்பது மட்டுமே.

ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களின் சீரம் பால் கலந்ததுபோல் கலங்கி இருக்கும். அவர்களுடைய குழாயில் படிய வேண்டியது சரியாகப் படியாமல் மேலே மிதக்கும். நாங்கள் உப்புநீர் விட்டு நீர்க்கச் செய்து மறுபடியும் தொடங்குவோம். இரவு வெகுநேரம் கழித்துப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு, காலை 7 மணிக்கு வெறும் வயிறு என்று வந்து நிற்பவர்களின் குழாயை மூடி திறப்பதற்கு முன்பே அடையாளம் கண்டுவிடலாம்.

இன்னொன்று. உங்கள் எல்.டி.எல். 104 அளக்கப்பட்ட எண்ணாகத் தெரியவில்லை. ட்ரைகிளிசரைடு 265ஐ 5ஆல் வகுத்தால் 53, அது வி.எல்.டி.எல். என்று எழுதப்பட்டிருக்கிறது. 188இலிருந்து 31ஐயும் 53ஐயும் கழித்தால் 104. இது 1972இல் வெளியான ஃப்ரீட்வால்ட் சூத்திரம். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இதைப் பயன்படுத்தவே கூடாது. அதற்குக் கீழேயும் ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு உண்மையான எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். எனவே கெட்ட கொழுப்பு சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதற்கு முன், மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 157. ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரால் அது. அந்த எண் எனக்கு நிம்மதி தரவில்லை.

15 ஜூன்

எச்.டி.எல். என்ன செய்கிறது என்று பலர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள்.

கல்லீரலும் சிறுகுடலும் அபோ ஏ-1 என்ற புரதத்தை உண்டாக்கி ரத்தத்தில் விடுகின்றன. அது ஏறக்குறைய வெறுங்கையோடு வரும் புரதம். செல்களின் மேலுறையில் இருக்கும் ஏ.பி.சி.ஏ.1 என்னும் கடத்துபுரதம் செல்லுக்குள் மிஞ்சிய கொலஸ்ட்ராலை அதன் கையில் கொடுக்கிறது. அடைப்புக்குள் கொழுப்பைத் தின்று வீங்கிக் கிடக்கும் வெள்ளணுக்களும் இப்படித்தான் தங்கள் சுமையை இறக்குகின்றன. அடுத்து எல்கேட் என்ற நொதி அந்தக் கொலஸ்ட்ராலோடு ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிணைக்கிறது. பிணைந்த கொலஸ்ட்ரால் துகளின் மையத்துக்குள் இறங்கிவிட, தட்டையாக இருந்த துகள் உருண்டையாகிறது. உருண்டையான துகள் கல்லீரலுக்குப் போய், எஸ்.ஆர்.-பி1 என்ற ஏற்பியில் கொலஸ்ட்ராலை இறக்கிவிட்டுத் திரும்புகிறது.

இதற்கு நடுவில் ஒரு குறுக்குவழி உண்டு. சி.இ.டி.பி. என்ற புரதம் எச்.டி.எல்.லில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்து வி.எல்.டி.எல்., எல்.டி.எல். துகள்களுக்குக் கொடுத்துவிட்டு, அவற்றிடமிருந்து ட்ரைகிளிசரைடை வாங்கி எச்.டி.எல்.லில் வைக்கிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு அதிகமாக ஓடும்போது இந்தப் பண்டமாற்று வேகம் எடுக்கிறது. எச்.டி.எல். துகள் கொலஸ்ட்ராலை இழந்து ட்ரைகிளிசரைடால் நிரம்புகிறது. கல்லீரலில் உள்ள லைப்பேஸ் நொதி அந்த ட்ரைகிளிசரைடைச் சிதைத்துத் துகளைச் சிறுத்துப்போகச் செய்கிறது. சிறுத்த துகளிலிருந்து அபோ ஏ-1 கழன்று சிறுநீரகம் வழியாக வீணாகிறது. எல்.டி.எல். துகள்களும் இதே வழியில் சிறுத்து அடர்த்தியாகின்றன. அப்படிச் சிறுத்தவை ஒவ்வொன்றும் குறைவாகச் சுமப்பதால், எண்ணிக்கை அதிகமாக இருந்தும் தாளில் எல்.டி.எல். அடக்கமாகத் தெரியும்.

திருமங்கலத்து நண்பருக்கு ட்ரைகிளிசரைடு 265, எச்.டி.எல். 31, மூன்று மாதச் சர்க்கரை 6.1 ஆகிய மூன்றும் சேர்ந்தே வந்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும்போது கல்லீரல் ட்ரைகிளிசரைடு நிரம்பிய துகள்களை மேலும் மேலும் வெளியே அனுப்புகிறது. எச்.டி.எல். குறைவது அதன் விளைவு. விளைவை மட்டும் மாத்திரையால் தூக்கி நிறுத்தினால் காரணம் அப்படியே இருக்கும்.

15 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒன்றை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தை வாசலில் நிற்கும் லாரிகளை எண்ணினால், அன்று வியாபாரம் நன்றாக நடக்கிறதா, அல்லது சரக்கு இறக்க ஆள் இல்லாமல் வரிசை நீண்டிருக்கிறதா என்று தெரியாது. எச்.டி.எல். எண்ணும் அத்தகையது. கல்லீரலில் இறக்கும் ஏற்பியான எஸ்.ஆர்.-பி1இல் அரிதான ஒரு மரபணுப் பிழை உள்ளவர்களுக்கு எச்.டி.எல். மிக உயர்வாக இருக்கிறது. ஆனால் இதயநோய் அவர்களுக்குக் கூடுதலாகவே வருகிறது என்று 2016இல் காட்டினார்கள்.

நேர்மாறான கதை இத்தாலியில் இருக்கிறது. கார்தா ஏரிக்கரையில் உள்ள லிமோனே என்ற சிற்றூரில், அபோ ஏ-1 புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு எச்.டி.எல். மிகக் குறைவு, ட்ரைகிளிசரைடும் கூடுதல்; ஆனாலும் ரத்தக்குழாய்கள் நன்றாக இருக்கின்றன. 1980இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்கு அபோ ஏ-1 மிலானோ என்று பெயர்.

18 ஜூன்

அண்ணாநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நல்ல கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது பொய்யா? அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்விலேயே அப்படித்தானே வந்தது?"

பொய் அல்ல. 1977இல் அந்த ஆய்வு சொன்னதும், அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் கண்டதும் உண்மையே. எச்.டி.எல். குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது. ஆனால் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதிலிருந்து ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்ற முடிவுக்கு உலகமே தாவியது. அந்தத் தாவலுக்குக் கொடுத்த விலையை முழுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று மாத்திரை டப்பாவை நீட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சி.இ.டி.பி. எச்.டி.எல்.லைக் காலி செய்கிறது என்றால், அதை முடக்கினால் எச்.டி.எல். உயருமே என்று ஃபைசர் நிறுவனம் டார்செட்ராபிப் என்ற மருந்தை உருவாக்கியது. 15,067 பேரிடம் சோதித்தார்கள். எச்.டி.எல். 72 விழுக்காடு உயர்ந்தது, எல்.டி.எல். 25 விழுக்காடு குறைந்தது. தாளில் பார்த்தால் இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களிடையே இறப்பும், மாரடைப்பு முதலிய இதய நிகழ்வுகளும் கூடின. 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். ரத்த அழுத்தத்தையும் ஆல்டோஸ்டீரோன் என்ற இயக்குநீரையும் அந்த மருந்து உயர்த்தியது பின்னர் தெரிந்தது. சரி, அது அந்த ஒரு மருந்தின் குற்றம் என்று வைத்துக்கொண்டார்கள். 2012இல் ரோஷ் நிறுவனத்தின் டால்செட்ராபிப்: தீங்கும் இல்லை, நன்மையும் இல்லை. எலி லில்லியின் எவாசெட்ராபிப்: எச்.டி.எல். இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தும் பயன் இல்லை என்று 2015இல் நிறுத்தப்பட்டது. 2017இல் மெர்க்கின் அனாசெட்ராபிப், 30,449 பேர், நான்கு ஆண்டுகள்: எச்.டி.எல். இரட்டிப்பானது, இதய நிகழ்வுகள் 9 விழுக்காடு குறைந்தன. அந்தச் சிறிய நன்மையும் எல்.டி.எல். முதலிய கெட்ட துகள்கள் குறைந்ததன் அளவுக்குத்தான் இருந்தது, எச்.டி.எல். இரட்டிப்பானதற்கென்று தனியாக எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. நிறுவனம் அதை விற்பனைக்கே கொண்டுவரவில்லை.

இந்த ஆண்டு மே மாதம் வெளியான ஒபிசெட்ராபிப் சோதனையும் சி.இ.டி.பி.யை முடக்கும் மருந்து பற்றியதுதான். ஆனால் இப்போது அதை எல்.டி.எல்.லைக் குறைக்கும் மருந்தாகவே முன்வைக்கிறார்கள். அந்த மாற்றம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

19 ஜூன்

எச்.டி.எல்.லைக் கூட்டக் கொடுத்துவந்த நியாசின் என்ற மருந்தை விட்டுவிட்டேன், அதை எழுத எனக்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டியிருந்தது.

என் அண்ணனுக்கு எச்.டி.எல். குறைவு என்று நியாசின் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது முறையான சிகிச்சைதான். எழுதிக் கொடுத்தவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மாத்திரை விழுங்கிய சற்று நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து எரியும். அண்ணன் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சில மாதங்களில் எச்.டி.எல். 36இலிருந்து 45க்கு வந்தது. நானே அளந்த எண் அது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். பீடியை அவர் விடவில்லை. எல்.டி.எல். 150க்கு மேலேயே இருந்தது. அடுத்த ஆண்டு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். உயர்ந்த எண்ணைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நிம்மதி அடைந்திருந்தோம் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

நியாசின் பற்றிய பெரிய சோதனைகளின் முடிவுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. 2011இல் 3,414 பேரிடம் நடந்த சோதனை பயன் இல்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. 25,673 பேரிடம் நடந்த இன்னொன்றின் விரிவான முடிவு 2014இல் வெளியானது: மாரடைப்பு குறையவில்லை, சர்க்கரை நோய், தொற்று, ரத்தக்கசிவு ஆகியவை கூடின.

உங்களிடம் இருக்கும் டப்பாவில் என்ன இருக்கிறது என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நியாசின் அல்லது நிகோட்டினிக் அமிலம் என்று எழுதியிருந்தால், மூன்று மாதச் சர்க்கரை 6.1 உள்ள நீங்கள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

19 ஜூன், இரவு

அண்ணாநகர் வாசகருக்கு மேலும் ஒன்று. மருந்துகளில் வேறு தீமைகள் இருந்திருக்கலாம் என்று அவர் எழுதியிருக்கிறார், நியாயமான கேள்வி. அதற்கு மரபணு ஆய்வுகள் விடை சொல்கின்றன. எண்டோதீலியல் லைப்பேஸ் என்ற நொதியின் மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறந்தவர்களுக்கு, வேறெந்தக் கொழுப்பும் மாறாமல், எச்.டி.எல். மட்டும் பிறந்ததிலிருந்தே 5 மில்லிகிராம் அளவுக்குக் கூடுதலாக இருக்கிறது. பழைய நம்பிக்கை சரியென்றால் அவர்களுக்கு மாரடைப்பு 13 விழுக்காடு குறைய வேண்டும். 2012இல் எண்ணிப் பார்த்தபோது துளியும் குறையவில்லை. எல்.டி.எல்.லை மாற்றும் மரபணுக்களில் அதே கணக்கு சரியாகப் பொருந்தியது.

அப்படியானால் எச்.டி.எல்.லுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அளக்கும் இடம்தான் வேறு. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 2,924 பேரின் ரத்தநீரை எடுத்து, அதிலுள்ள எச்.டி.எல். கொழுப்புண்ட வெள்ளணுக்களிலிருந்து எவ்வளவு கொலஸ்ட்ராலை வெளியே இழுக்கிறது என்று அளந்தார்கள். முடிவு 2014இல் வந்தது. இழுக்கும் திறன் மிகுந்த கால்பகுதியினருக்கு, குறைந்த கால்பகுதியினரைவிட இதய நிகழ்வுகள் 67 விழுக்காடு குறைவு. அதே ஆட்களின் எச்.டி.எல். எண்ணோ, மற்றக் காரணங்களைக் கழித்த பிறகு, எதையும் முன்னறிவிக்கவில்லை. ஆனால் இந்தப் பரிசோதனைக்கு உயிருள்ள செல்களை வளர்க்க வேண்டும். நம் ஊர்ப் பரிசோதனைக் கூடம் எதிலும் பணம் கட்டிச் செய்துகொள்ளக் கூடியது அல்ல.

அந்தத் திறனை மருந்தாகவே ஏற்றிப் பார்த்த முயற்சியும் நடந்துவிட்டது. மனித ரத்தத்திலிருந்து பிரித்த அபோ ஏ-1ஐ மாரடைப்பு வந்தவர்களுக்கு நரம்பு வழியாகச் செலுத்தினார்கள்; 18,219 பேர். 90 நாள்களில் கணிசமான பலன் தெரியவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். இன்றைய நிலை இதுதான்.

23 ஜூன்

"எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எச்.டி.எல். குறைவுதான், இது பரம்பரையா?" என்று கேட்டிருப்பவருக்கு: உங்கள் வீட்டில் மட்டும் அல்ல. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது, அதில் 72.3 விழுக்காட்டினருக்கு எச்.டி.எல். குறைவு. எல்.டி.எல். அதிகம் உள்ளவர்கள் 11.8 விழுக்காடு மட்டுமே. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனாலும் காலையில் இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, இரவில் பரோட்டா, நடுவே நான்கு முறை சர்க்கரை போட்ட டீ, நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பது என்ற வாழ்க்கையில் ட்ரைகிளிசரைடு ஏறாமல் இருந்தால்தான் வியப்பு.

நான் பார்த்தவரை ட்ரைகிளிசரைடை விரைவாக இறக்குபவை: டீயில் சர்க்கரையை நிறுத்துவது, இரவு உணவை முன்னதாகவும் குறைவாகவும் வைத்துக்கொள்வது, சோற்றின் அளவைக் குறைத்துச் சுண்டலும் பயறும் காயும் கூட்டுவது, மது இருந்தால் விடுவது, இடுப்புச் சுற்றளவு குறையும்படி தினமும் வேகமாக நடப்பது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பேசிக்கொண்டே நடப்பவர்களுக்கு ஒரு சொல்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் வேண்டும். இவற்றால் எச்.டி.எல். சிறிதளவே உயரும். அதற்காக மனம் தளர வேண்டாம். நாம் துரத்துவது அந்த எண்ணை அல்ல.

காய்ச்சல் வந்துபோன கையோடு கொழுப்புப் பரிசோதனை செய்யாதீர்கள். தொற்று இருக்கும்போது சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதம் எச்.டி.எல். துகளில் ஏறி அபோ ஏ-1ஐத் தள்ளிவிடுகிறது, எண்ணும் இறங்கும். சில வாரங்கள் பொறுத்துச் செய்யுங்கள்.

27 ஜூன்

நண்பர் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பதாக எழுதியதிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எச்.டி.எல். துகளின் மேல் உட்கார்ந்திருக்கும் நொதிகளில் பாராக்சோனேஸ்-1 என்று ஒன்று உண்டு. கல்லீரலில் உருவாகி எச்.டி.எல்.லோடு ஊர்வது. அதன் பெயரே பூச்சிமருந்திலிருந்து வந்தது: பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடலுக்குள் போனால் பாராக்சான் என்ற கொடிய நஞ்சாக மாறும், அதை உடைப்பதைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பருத்திக்கும் மல்லிகைக்கும் மருந்தடித்தவர்களுக்கு ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளின் நெடி நன்றாகத் தெரியும்.

பின்னர் எலிகளில் கண்டது வியப்பானது. இந்த நொதி இல்லாமல் வளர்த்த எலிகள் பாராக்சானைத் தாங்குவதில் மற்ற எலிகளைவிட மோசமாக இல்லை. ஆனால் குளோர்பைரிஃபாஸ், டயாசினான் ஆகிய பூச்சிமருந்துகளிலிருந்து உண்டாகும் நஞ்சை அவற்றால் தாங்கவே முடியவில்லை. பறவைகளின் ரத்தத்தில் இந்த நொதி மிகமிகக் குறைவு. மருந்தடித்த வயலில் கொத்திய மைனாவும் கோழியும் மடிவதற்கு அதுவும் ஒரு காரணம். பச்சைக் குழந்தைகளுக்கும் குறைவு. கடைக்குப் பின்னால்தான் வீடு என்றால், குழந்தைகள் இருந்தால், தயவுசெய்து மருந்து இருப்பை வேறிடத்துக்கு மாற்றுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இதயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? எல்.டி.எல். துகள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் ஆக்சிஜனால் சிதைந்தால்தான் வெள்ளணுக்கள் அதை விழுங்கி வீங்கத் தொடங்கும். எச்.டி.எல். அந்தச் சிதைவைத் தடுப்பதில் இந்த நொதிக்குப் பங்கு இருப்பதாக 1991இல் மாஞ்செஸ்டர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1998இல், நொதி இல்லாத எலிகளின் எச்.டி.எல். அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை என்றும், கொழுப்புணவு கொடுத்தபோது அவற்றுக்கு அடைப்பு கூடுதலாக வந்தது என்றும் காட்டினார்கள். மனிதர்களிலும் நொதியின் செயல்பாடு குறைந்தவர்களுக்கு இதய நிகழ்வுகள் அதிகம் என்று 2008இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து முடிவு வந்தது. அதே வேளையில், நொதியின் மரபணு வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய அளவில் எண்ணிய ஆய்வுகளில் தொடர்பு மிக மெலிதாகவே இருந்தது. எச்.டி.எல். எண்ணில் பட்ட அடியை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்த நொதியையும் காரணம் என்று முடிவு கட்டாமல், அறிகுறியாக மட்டும் இப்போதைக்குக் கொள்வதே முறை என்று நினைக்கிறேன்.

புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இதன் செயல்பாடு குறைகிறது. ஆர்கனோபாஸ்பேட்டைப் பற்றி நம் ஊரிலேயே நடந்த ஆய்வும் உண்டு: மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல், குடல் நுண்ணுயிரிகள் இந்த மருந்துகளைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள்கள் ரத்தச் சர்க்கரையை உயர்த்துவதாக எலிகளில் காட்டினார்கள், நம் பக்கத்துக் கிராமங்களிலும் மருந்தின் எச்சத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு கண்டார்கள். 6.1 என்ற எண்ணோடு தினமும் மூட்டை பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பவர் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

28 ஜூன்

"அந்த நொதியை எங்கே அளக்கலாம்?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அளக்க வேண்டாம்; அளந்து வரும் எண்ணை வைத்து எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்றப் போவதில்லை. இந்த நொதி கால்சியம் இல்லாவிட்டால் செயலிழந்துவிடும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், அந்தக் குழாயில் எடுத்த ரத்தத்தில் எல்லோருக்கும் நொதி செத்துப்போனதாகவே வரும். யாராவது அப்படி எடுத்து அளந்து பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

2 ஜூலை

மேலூரிலிருந்து: செக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பைக் கூட்டுமாமே?

கூட்டும், எல்.டி.எல்.லையும் சேர்த்துக் கூட்டும். 2020இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட எச்.டி.எல். 4, எல்.டி.எல். 10 மில்லிகிராம் அளவுக்கு உயர்ந்தது. செக்கில் ஆட்டியதால் கொழுப்பு அமிலங்கள் மாறிவிடுவதில்லை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அளவாக இருக்கட்டும்.

மதுவும் எச்.டி.எல்.லைக் கூட்டும் என்பதால் கொஞ்சம் குடிக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. அது ட்ரைகிளிசரைடையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். குறைவாகக் குடிக்கச் செய்யும் மரபணு உடையவர்களுக்கு இதயநோயும் குறைவு என்று 2014இல் எண்ணிக் காட்டிவிட்டார்கள்.

9 ஜூலை

செல்லூரிலிருந்து ஒரு சகோதரி, தன் அம்மாவுக்கு எச்.டி.எல். 98 என்றும், இனிக் கொழுப்பு மாத்திரை தேவையில்லை என்று உறவினர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். உறவினர்கள் சொல்வதைக் கேட்டு நிறுத்த வேண்டாம், அம்மா. கோபன்ஹேகனில் 1,16,508 பேரைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களில் இறப்பு மிகக் குறைவாக இருந்தது 93 அளவில். அதற்கு மேல் போகப் போகக் கோடு மறுபடி ஏறியது, 135க்கு மேல் தெளிவாகவே ஏறியது. 98இல் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அது எல்.டி.எல்.லுக்கு எதிரான காப்பும் அல்ல. அவருக்கு மாத்திரை எழுதியது எல்.டி.எல்.லைப் பார்த்து; அந்தக் காரணம் அப்படியே இருக்கிறது.

20 செப்டம்பர்

திருமங்கலத்து நண்பர் புதிய தாளை அனுப்பியிருக்கிறார்: மொத்தம் 176, ட்ரைகிளிசரைடு 158, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 108. டீயில் சர்க்கரை இல்லை, இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, காலையில் நடை. டப்பா திரும்பிப் போய்விட்டது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எல்.டி.எல். 104இலிருந்து 108 ஆகிவிட்டதே என்று கேட்கிறார். கணக்கில் கழிபடும் வி.எல்.டி.எல். 53இலிருந்து 32க்கு இறங்கியதால், மீதி அந்தப் பக்கம் தெரிகிறது. எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ராலைப் பாருங்கள்: 157 இருந்தது, இப்போது 140. அது இறங்கியதுதான் பொருள் உள்ள மாற்றம். எச்.டி.எல். ஐந்து புள்ளி ஏறியது அதன் கூடவே வந்தது.

அந்த 140 இன்னும் இறங்க வேண்டும். அபோ பி என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். மதுரையில் பெரிய பரிசோதனைக் கூடங்களில் செய்கிறார்கள். கெட்ட துகள் ஒவ்வொன்றிலும் அபோ பி ஒன்றே ஒன்று இருப்பதால், அது நேரடியாகத் துகள்களின் எண்ணிக்கையையே சொல்லிவிடும். அந்தத் தாளோடு மருத்துவரிடம் போகும்போது, நீங்கள் தனிச்செய்தியில் எழுதியதை, அதாவது உங்கள் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்ததை, அவர் கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லுங்கள். எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்குவதா வேண்டாமா என்ற முடிவில் அந்த 52க்கு உங்கள் 36ஐவிட எடை அதிகம்.